மின் பேனல் வாங்கும்போது கேட்க வேண்டிய ஓர் எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்தால் மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரே வரிதான் வருகிறது: 'மின்கசிவே காரணம் என்று கூறப்படுகிறது.' மின்கசிவு வேறு, ஷார்ட் சர்க்யூட் எனப்படும் குறுக்குச் சுற்று வேறு. காப்பு பழுதாகி, இயந்திரத்தின் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ பூமிக்கு ஓடுவது கசிவு. அது சில மில்லி ஆம்பியராகக்கூட இருக்கலாம். 30 மில்லி ஆம்பியரில் விழும், அதாவது தானாக இணைப்பைத் துண்டிக்கும், ஆர்சிசிபி என்ற கசிவுத் தடுப்பான் அதற்காகத்தான் இருக்கிறது. குறுக்குச் சுற்றிலோ ஒரு பேஸ் இன்னொரு பேஸோடு நேராகச் சேர்ந்துவிடுகிறது, ஓடுவது ஆயிரக்கணக்கான ஆம்பியர். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதால், இரண்டையும் ஒரே கருவி தடுத்துவிடும் என்ற எண்ணம் படிப்பவர் மனதில் பதிந்துவிடுகிறது. தொழிற்சாலை மின் பேனல்களைப் பொறுத்தவரை இந்தக் குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை, வாங்கும் ஆர்டர் வரைக்கும் போகிறது. அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறோம்.

இயந்திரங்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுத்து இயக்கும் கன்ட்ரோல் பேனல் ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கும் தாளைப் பாருங்கள். 415 வோல்ட், 3 பேஸ், 400 ஆம்பியர், ஐபி 54, இன்ன கம்பெனி சுவிட்ச்கியர், பவுடர் கோட்டிங் ஆர்ஏஎல் 7035. வண்ணத்தின் எண் வரைக்கும் இருக்கும். அந்தப் பேனல் நிற்கப்போகும் இடத்தில் குறுக்குச் சுற்று நேர்ந்தால் எத்தனை கிலோ ஆம்பியர் பாயும், அதைப் பேனல் தாங்குமா என்ற ஒன்று மட்டும் இருக்காது. இல்லையென்றால் பழைய டெண்டரிலிருந்து அப்படியே எடுத்த '50 கேஏ, 1 நொடி' (50 கிலோ ஆம்பியரை 1 நொடி தாங்கும்) என்ற வரி இருக்கும். இரண்டுமே தவறு. முதலாவது ஆபத்து, இரண்டாவது வீண் செலவு. செலவுக்குப் பயந்து 50 கேஏ என்று பெயர்ப்பலகையில் மட்டும் பொறித்துத் தரும் பழக்கத்துக்கும் அதுவே வழி விடுகிறது.

இந்த எண்ணைக் கணக்கிடப் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் நேம்ப்ளேட் போதும். 11 கிலோவோல்ட்/433 வோல்ட், 500 கேவிஏ, இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்தத் தடை) 4.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500-ஐ 1000-ஆல் பெருக்கி, 1.732, 433 இரண்டின் பெருக்குத் தொகையால் வகுத்தால் முழுச்சுமை மின்னோட்டம் 667 ஆம்பியர். அதை 0.045-ஆல் வகுத்தால் 14,800 ஆம்பியர். டிரான்ஸ்பார்மரின் எல்டி (தாழ்வழுத்த) முனையில் குறுக்குச் சுற்று நேர்ந்தால் இதுதான் உச்ச வரம்பு. 11 கிலோவோல்ட் பக்கத்து மின்வலையின் இம்பீடன்ஸை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் விடை சற்றுக் குறையும். சேர்க்காமல் விடுவது பாதுகாப்பான பக்கம். 1000 கேவிஏ, 5 சதவீதம் என்றால் இதே கணக்கில் 1,333 ஆம்பியர் முழுச்சுமை, 26,700 ஆம்பியர் குறுக்குச் சுற்று.

இனி கேபிள். 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் 433 வோல்ட் பக்கத்தில் 9.4 மில்லி ஓம். அதிலிருந்து 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 30 மீட்டர் ஓடி ஓர் இயந்திரத்தின் பேனலுக்குப் போகிறது. அந்தக் கேபிளின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு 0.727 ஓம், அதாவது 30 மீட்டருக்குச் சுமார் 21.8 மில்லி ஓம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் நேராகக் கூட்டி வகுத்துவிடுகிறார்கள். டிரான்ஸ்பார்மருடையது பெரும்பாலும் ரியாக்டன்ஸ் (காந்தப் புலத்தால் வரும் தடை), கேபிளுடையது பெரும்பாலும் ரெசிஸ்டன்ஸ். ரெசிஸ்டன்ஸ்களைத் தனியாகவும் ரியாக்டன்ஸ்களைத் தனியாகவும் கூட்டி, இரண்டின் வர்க்கங்களையும் சேர்த்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரின் சிறிய ரெசிஸ்டன்ஸையும் கேபிளின் சிறிய ரியாக்டன்ஸையும் விடாமல் அப்படிச் செய்தால் மொத்தம் சுமார் 26.4 மில்லி ஓம். பேஸ் வோல்டேஜ் 250-ஐ (433-ஐ 1.732-ஆல் வகுத்தது) அதனால் வகுத்தால் 9.5 கிலோ ஆம்பியர். நேராகக் கூட்டியிருந்தால் 8 என்று குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டுவது இங்கே ஆபத்தான பக்கம். கேபிளின் ரெசிஸ்டன்ஸையும் 20 டிகிரி குளிர் நிலையில்தான் எடுக்க வேண்டும். சூடான கேபிளுக்குரிய மதிப்பைப் போட்டால் விடை மறுபடியும் குறையும்.

26.7 கிலோ ஆம்பியர் என்பது 30 மீட்டர் கேபிளில் 9.5 ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே 30 மீட்டருக்கு 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால் 15 கிலோ ஆம்பியருக்குச் சற்று மேல் நிற்கும். ஆகவே ஒரே தொழிற்சாலையில் எல்லாப் பேனலுக்கும் ஒரே எண் என்பது பொருந்தாது. மெயின் பேனலுக்கு ஒன்று, கடைசி ஷெட்டில் நிற்கும் இயந்திரத்துக்கு வேறொன்று.

இதோடு ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களையும் சேர்க்க வேண்டும். குறுக்குச் சுற்று நேர்ந்த முதல் சில சுற்றுகளில் நேரடியாக லைனில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, தன் முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ 4 மடங்கைத் திருப்பி அனுப்பும். மொத்தம் 500 ஆம்பியர் மோட்டார்கள் ஓடினால் 2 கிலோ ஆம்பியர் கூடும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் சாதாரண டிரைவ் வழியாக ஓடுபவை இந்தக் கணக்கில் வராது, டையோடு ரெக்டிஃபையர் திரும்ப விடாது.

எண் கிடைத்துவிட்டது. பேனல் அதைத் தாங்குமா? தாங்க வேண்டியவை இரண்டு: விசை, வெப்பம். உதாரணத்துக்கு 25 கிலோ ஆம்பியர் என்றால், அது ஆர்எம்எஸ் எனப்படும் பயனுறு மதிப்பு. முதல் அரைச்சுற்றில், அதாவது 10 மில்லி நொடிக்குள், உச்சம் அதைப்போல் 2.1 மடங்கு, 52.5 கிலோ ஆம்பியர் வரை போகலாம் என்று மின் பேனல்களுக்கான ஐஎஸ்/ஐஇசி 61439 தரநிலை எடுத்துக்கொள்கிறது. 75 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பஸ்பார்களில் (பேனலுக்குள் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள்) எதிரெதிராக இந்த மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 7,350 நியூட்டன் விசை. 750 கிலோ எடையைத் தூக்கி எறியும் விசை அது. மின்னோட்டம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. பஸ்பார் சப்போர்ட்டுகளின் இடைவெளி முக்கியம் என்பது இதனால்தான். சோதனையில் தேறிய பேனலில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு சப்போர்ட் இருந்து, கட்டிக் கொடுக்கும் பேனலில் 500-க்கு ஒன்று என்றால் அந்தச் சோதனைச் சான்றிதழ் இந்தப் பேனலுக்குச் செல்லாது. பெங்களூரு, போபால் சிபிஆர்ஐ (மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம்) சான்றிதழைக் காட்டுகிறார்கள் என்றால் முதல் பக்கத்து எண்ணோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் வரைபடத்தைத் திருப்பி, பஸ்பார் அளவு, சப்போர்ட் இடைவெளி, இன்கமர் எனப்படும் நுழைவு பிரேக்கரின் கம்பெனி, மாடல் நான்கும் உங்கள் பேனலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மெயின் எம்சிசிபி (பெரிய சர்க்யூட் பிரேக்கர்) 50 கேஏ, எனவே பேனலும் 50 கேஏ என்பது நாங்கள் அதிகம் எதிர்கொள்ளும் தவறு. 50 கேஏ என்பது அந்த எம்சிசிபி அறுத்துவிடக்கூடிய மின்னோட்டம் மட்டுமே. அது அறுத்து முடிக்கும்வரை வழியில் இருக்கும் கான்டாக்டர் (மோட்டாரை இயக்கி நிறுத்தும் சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே (மிகைச்சுமையில் மோட்டாரை நிறுத்துவது), டெர்மினல், பஸ்பார் எல்லாம் பிழைத்திருக்க வேண்டும். பேனலின் திறன் அதன் மிகப் பலவீனமான உறுப்பின் திறன்தான். எம்சிசிபியின் எண்ணைப் படிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. கேட்டலாக்கில் பெரிதாக அச்சிட்ட எண் 240 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். 415 வோல்ட் வரிசையைப் பார்க்க வேண்டும். அங்கும் ஐசியு, ஐசிஎஸ் என்று இரண்டு இருக்கும். ஐசியு அளவில் ஒருமுறை அறுத்தபின் அந்த பிரேக்கரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்ற உறுதி கிடையாது. ஐசிஎஸ் அளவில் அது உண்டு. உற்பத்தி நிற்கக் கூடாத இடத்தில் ஐசிஎஸ்ஸும் கணக்கிட்ட எண்ணுக்கு மேல் இருக்க வேண்டும் என்று கேட்பதே சரி.

கான்டாக்டர்தான் பெரும்பாலும் முதலில் போகும். தனியாக நின்றால் அதன் தாங்குதிறன் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 16 ஆம்பியர் வரையுள்ள கான்டாக்டருக்குத் தரநிலை கட்டாயமாக்கும் அடிப்படைச் சோதனை 1 கிலோ ஆம்பியரில்தான், 63 ஆம்பியர் வரை 3 கிலோ ஆம்பியரில். அதற்கு மேல் தாங்குகிறது என்றால், முன்னால் இருக்கும் ஃபியூஸோ எம்சிசிபியோ மின்னோட்டத்தை வெட்டிக் குறைப்பதால்தான். அதனால் இன்ன ஃபியூஸ், இன்ன கான்டாக்டர், இன்ன ரிலே என்று மூன்றையும் சேர்த்து உற்பத்தியாளர் சோதித்து அட்டவணை வெளியிடுகிறார். டைப் 1 என்றால் ஆளுக்கு ஆபத்து இல்லை, ஆனால் கான்டாக்டரும் ரிலேயும் மாற்ற வேண்டிய நிலைக்குப் போகலாம். டைப் 2 என்றால் கான்டாக்ட் முனைகள் இலேசாக ஒட்டிக்கொள்வது தவிர வேறு சேதம் கூடாது. 'டைப் 2' என்று ஆர்டரில் எழுதிவிட்டு, கையிருப்பு இல்லை என்று ரிலேயை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றினால் அந்த மூவரணி உடைந்துபோகிறது. பேனல் போய்ச் சேர்ந்தபின் ஃபியூஸ் எரிந்து, கேரியரில் செம்புக் கம்பி சுற்றினாலும் அதே கதிதான். 80 கேஏ வரை அறுக்கும் எச்ஆர்சி ஃபியூஸ் இருந்த இடத்தில் எந்தத் திறனும் இல்லாத ஒரு கம்பி.

அடுத்தது, பலர் கண்ணுக்குத் தப்பும் சின்னச் சின்ன இணைப்புகள். மூன்று பேஸையும் காட்டும் ஆர், ஒய், பி விளக்குகளுக்கும் வோல்ட்மீட்டருக்கும் இன்கமரின் முனையிலிருந்தே 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் எடுத்து, கதவு வரைக்கும் ஓட்டி, அங்கே ஒரு கண்ணாடி ஃபியூஸ் போடுகிறார்கள். கதவுக் கீலில் அந்த ஒயர் நசுங்கினால் அதற்கு முன்னால் பாதுகாப்பு எதுவும் இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் பிவிசி செம்பு ஒயர், 14.8 கிலோ ஆம்பியரைக் காப்பு கெடாமல் தாங்கும் நேரம் 0.14 மில்லி நொடி. மெயின் எம்சிசிபி விழுவதற்குப் பல மடங்கு முன்பே ஒயர் ஆவியாகியிருக்கும். அந்த ஆவியே பஸ்பார்களுக்கு இடையே ஆர்க் ஓடப் பாலமாகிவிடும். ஃபியூஸ் ஒயரின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் அந்த இடத்து எண்ணுக்கு ஏற்ற எச்ஆர்சியாக. தொடக்கத்தில் வைக்க முடியாவிட்டால் 3 மீட்டருக்குள், இரட்டைக் காப்புள்ள ஒயரை, உலோகத்தில் உராயாமல், குறுக்குச் சுற்றே நேராதபடி ஓட்ட வேண்டும் என்பது 61439 தரும் விலக்கு. மெயின் பேனலுக்குப் பக்கத்திலேயே ஒட்டி நிற்கும் லைட்டிங் டிபியில் (விளக்குகளுக்கான பகிர்வுப் பெட்டி) 6 கேஏ எம்சிபிகளை (சிறிய பிரேக்கர்கள்) வரிசையாக மாட்டுவதும் இதே வகைப் பிழை. மேலே உள்ள எம்சிசிபி காப்பாற்றும் என்று சொல்வதானால், அந்த இரண்டு மாடலும் சேர்ந்து சோதிக்கப்பட்ட உற்பத்தியாளரின் அட்டவணையைக் காட்ட வேண்டும்.

கோவையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் சென்னையைச் சுற்றியும் இயந்திரங்களை அமெரிக்காவுக்கு அனுப்புபவர்களுக்கு இது இன்னும் கறாரான விஷயம். அங்கே 2005-ஆம் ஆண்டின் தேசிய மின் விதித்தொகுப்பு, தொழிற்சாலைக் கன்ட்ரோல் பேனல்களுக்கென்று 409-ஆவது பிரிவைச் சேர்த்து, குறுக்குச் சுற்றுத் திறனைப் பேனலில் பொறிக்க வேண்டும் என்றது. அதைக் கணக்கிடும் முறை யுஎல் 508ஏ என்ற அமெரிக்கத் தரநிலையின் எஸ்பி இணைப்பில் இருக்கிறது. சோதித்த மதிப்பு குறிக்கப்படாத உறுப்புகளுக்கு அந்த இணைப்பு தானாகக் கொடுக்கும் எண்கள் மிகச் சிறியவை: 50 குதிரைத்திறன் வரை மோட்டார் கன்ட்ரோலர் 5 கிலோ ஆம்பியர், டெர்மினல் பிளாக் 10, சப்ளிமென்ட்டரி புரொடெக்டர் எனப்படும் துணைப் பாதுகாப்புக் கருவி வெறும் 0.2. நம் ஊரில் வாடிக்கையாக மாட்டும் டிஐஎன் ரெயில் எம்சிபி, யுஎல் 1077 முத்திரையோடு இருந்தால் அங்கே சப்ளிமென்ட்டரி புரொடெக்டர்தான். பவர் சர்க்யூட்டில் அப்படி ஒன்று இருந்தாலே முழுப் பேனலும் 200 ஆம்பியருக்கு இறங்கிவிடும். கிளைச்சுற்றுப் பாதுகாப்பாக அதைப் போடவும் கூடாது. யுஎல் 489 பிரேக்கர் அல்லது கிளாஸ் ஜே, கிளாஸ் சிசி ஃபியூஸ் வேண்டும். 480 வோல்ட், 1000 கேவிஏ, 5.75 சதவீத டிரான்ஸ்பார்மரின் முனையில் அங்கே கிடைப்பது 20.9 கிலோ ஆம்பியர். 5 என்று பொறித்த பேனலை அதன் அருகே நிறுவ விதி இடம் தராது. கடல் கடந்து போன இயந்திரம் இணைப்பு கிடைக்காமல் நிற்கும், கான்டாக்டரை மாற்ற ஆள் விமானம் ஏற வேண்டியிருக்கும். ஆர்டர் வரும்போதே 'உங்கள் இணைப்பு முனையில் கிடைக்கும் குறுக்குச் சுற்று மின்னோட்டம் எவ்வளவு?' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் போதும். பெரும்பாலும் சோதித்த கூட்டணியில் சரியான ஃபியூஸைத் தேர்ந்தாலே திறன் பல மடங்கு உயர்ந்துவிடும். டிரைவ்களுக்கும் அப்படியே. டிரைவின் கையேடு சொல்லும் அதே வகை, அதே ஆம்பியர் ஃபியூஸ் போட்டால்தான் அதில் அச்சிட்ட எண் உங்களுக்குச் சொந்தம். 'உள்ளேயே எலக்ட்ரானிக் பாதுகாப்பு இருக்கிறது' என்பது டிரைவின் வெளிப்பக்கத்துக்குப் பொருந்தும், உள்வரும் பக்கத்துக்குப் பொருந்தாது.

இங்கு வாங்குபவர்கள் ஆர்டரில் சேர்க்க வேண்டிய வரிகளை முன்சொன்ன 1000 கேவிஏ எண்களோடே எழுதிக் காட்டுகிறோம்: 'இன்கமர் முனையில் எதிர்பார்க்கப்படும் அதிகபட்சக் குறுக்குச் சுற்று மின்னோட்டம், மோட்டார் பங்கும் சேர்த்து, 29 கிலோ ஆம்பியர், 433 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பேனல் முழுவதும் 36 கிலோ ஆம்பியருக்குக் குறையாத திறன் உடையதாக இருக்க வேண்டும். பஸ்பாரின் திறன் 1 நொடிக்கா, இன்கமரின் பாதுகாப்போடு சேர்ந்த நிபந்தனை மதிப்பா என்பதைக் குறிப்பிட வேண்டும். மோட்டார் பிரிவுகள் டைப் 2, அட்டவணையின் நகலோடு. சரிபார்த்த முறை சோதனையா, சோதித்த வடிவத்தோடு ஒப்பீடா என்று எழுதித் தர வேண்டும். திறனைப் பெயர்ப்பலகையில் பொறிக்க வேண்டும்.' இதில் '1 நொடியா, நிபந்தனை மதிப்பா' என்பதில்தான் பணம் இருக்கிறது. இன்கமர் 20 மில்லி நொடிக்குள் அறுத்துவிடும் எம்சிசிபி என்றால் 1 நொடி தாங்கும் பஸ்பாருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தாமதம் வைத்து இயக்கும் ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) என்றால் கட்டாயம் தேவை. கணக்கிட்ட எண் 10 கிலோ ஆம்பியருக்குள் இருந்தால் 61439 தனிக் குறுக்குச் சுற்றுச் சரிபார்ப்பே கேட்பதில்லை. 30 மீட்டர் கேபிளுக்கு அப்பால் நிற்கும் அந்த 9.5 கிலோ ஆம்பியர் பேனலுக்கு 50 கேஏ கேட்பது எவ்வளவு வீண் என்று பாருங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும் ஆலைகள் குறைந்தபட்ச எண்ணையும் கேட்க வேண்டும். 250 கேவிஏ ஜெனரேட்டரின் முழுச்சுமை 348 ஆம்பியர். குறுக்குச் சுற்றில் தொடக்கத்தில் அதிகம் கொடுத்தாலும் சில சுற்றுகளில் 3 மடங்கு அளவுக்கு இறங்கி, ஏறத்தாழ 1,000 ஆம்பியரில் நிற்கும். 400 ஆம்பியர் எம்சிசிபியை உடனே விழவைக்கும் மேக்னெடிக் செட்டிங் 10 மடங்கில், 4,000 ஆம்பியரில் இருந்தால் அது உடனே விழாது. வெப்பத்தில் மெதுவாக இயங்கும் தெர்மல் பகுதி விழும்வரை கேபிள் வெந்துகொண்டிருக்கும்.

நிறுவி முடித்தபின் எண் மாறுவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 500 கேவிஏ டிரான்ஸ்பார்மருக்கு, 14.8 கிலோ ஆம்பியர் கணக்கில், 25 கேஏ பேனல் சரியாகவே வாங்கப்பட்டிருக்கும். தொழில் வளர்ந்து அந்த இடத்தில் 1000 கேவிஏ வந்ததும் 26.7. பேனல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அன்று முதல் அது திறன் குறைந்த பேனல். இரண்டு 500 கேவிஏவை வைத்து, அவற்றை இணைக்கும் பஸ் கப்ளர் பிரேக்கரை மூடினாலும் 29.6. மூன்று பிரேக்கருக்கு இரண்டு சாவி என்ற கேசில் கீ இன்டர்லாக் வெறும் சம்பிரதாயம் இல்லை, அந்தக் கூட்டலைத் தடுப்பதே அதன் வேலை. அவசரத்துக்கு மூன்றாவது சாவி செய்து வைத்திருக்கும் ஆலைகள் அதை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

ஏற்கெனவே திறன் குறைந்து நிற்கும் பேனலை முழுதாகத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. அதற்கு முன்னால், மின்னோட்டத்தை வெட்டிக் குறைக்கும் எச்ஆர்சி ஃபியூஸ் சுவிட்ச் ஒன்றை வைக்கலாம். அதைக் கடந்துபோகும் உச்ச மின்னோட்டம் 17 கிலோ ஆம்பியருக்கு மேல் போகாது என்று ஃபியூஸின் வரைபடம் காட்டினால், பின்னால் இருக்கும் பஸ்பாருக்கு 61439-இன் சரிபார்ப்பு விலக்கு கிடைக்கிறது. ஆனால் பின்னால் இருப்பது எம்சிசிபி என்றால் வரைபடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. எம்சிசிபியும் அதே நேரத்தில் திறக்கத் தொடங்குவதால் இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்பதைச் சோதனைதான் சொல்லும், உற்பத்தியாளரின் அட்டவணை இல்லாமல் வேண்டாம். சிறிய துணைப் பேனல்களுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் நல்ல மருந்து. 10 கேவிஏ, 415/415 வோல்ட், 4 சதவீத இம்பீடன்ஸ் என்றால் மறுபக்கத்தில் முனையிலேயே குறுக்குச் சுற்று நேர்ந்தாலும் 350 ஆம்பியர்தான் வரும். அங்கே 6 கேஏ எம்சிபி தாராளமாகப் போதும். இவற்றில் எதைச் செய்தாலும், செய்த தேதி, டிரான்ஸ்பார்மர் கேவிஏ, அதன் இம்பீடன்ஸ் சதவீதம், புதிதாகக் கணக்கிட்ட கிலோ ஆம்பியர் நான்கையும் பேனல் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்த டிரான்ஸ்பார்மர் மாற்றத்தின்போது அங்கே நிற்கப்போகிறவர் வேறொருவர், அவருக்கு அந்தத் தாள் மட்டுமே தெரியும்.

இப்படிக்கு,
தொழிற்சாலை மின் பேனல் வடிவமைப்புப் பொறியாளர்கள்,
கோயம்புத்தூர்.